வெறுந்தாளை வாசித்த இரண்டு பேர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் அப்புத்துரை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். வரும்தான். ஒன்பது வருஷம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? அதிலும் வாசிக்கத் தெரியாமல் தெரிந்த மாதிரி பாவனை பண்ணுகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. "முகட்டைப் பாராதே, எழுத்தைப் பார்" என்று ஓர் அதட்டு அதட்டுவேன். அப்படிப்பட்ட செல்வநாயகி டீச்சர் மூன்று மாதம் என்ன செய்தாள் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது வெட்கமில்லை.

ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்ததும் எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டான். இங்கிலீஷ் பாடம் கூடாது என்றான். கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, ஒன்றரை மணி முன்னால் தள்ளித் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தான். மாதக் கணக்கில் வீட்டிலிருந்து மரவள்ளிக்கிழங்கு உரித்தேன். பிறகு ஒரு நாள் கல்விக் கந்தோரில், அதுதான் ஆபீஸில், நிரப்பச் சொல்லிப் பாரம் ஒன்றை நீட்டினார்கள். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். பொய்யில்லையே. அதைப் பார்த்த கந்தோர்க் கிராணி, டத்தோ கிராமாட்டில் இருந்த ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கு என்னைப் போட்டுவிட்டார். வேலையோடு பங்கீட்டு அரிசியும் வரும் என்றார். அரிசி என்ற சொல்லைக் கேட்ட பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் ஆச்சரியப்பட்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்கு வந்த அப்பாவுக்குத் தமிழ் பேசுவதற்கும் கோயிலுக்கும், இங்கிலீஷ் மற்ற எல்லாவற்றுக்கும். பத்துப் பதிகம் தேவாரம் எனக்கு மனப்பாடம், எல்லாம் அம்மா சொல்லக் கேட்டு வந்தவை. சரஸ்வதி பூசையன்று அரிசியில் எழுதிய 'அ'வும் 'ஆ'வும் தெரியும். அதற்கு மேல் தேவைப்படவில்லை. எங்கள் ஆட்களில் என்னைப் போல எத்தனையோ பேர் இருந்தார்கள்.

புதிய பள்ளிக்கூடம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. அலமாரிகளைக் குறுக்கே நிறுத்தி வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். என் வகுப்பில் முப்பத்துநான்கு பிள்ளைகள், ஆறு புத்தகங்கள். முதல் நாள் காலை, ஜப்பான் சக்கரவர்த்திக்கு வணக்கமாகக் கிழக்கே பார்த்து எல்லோரும் குனிந்து எழுந்து, உடற்பயிற்சி முடிந்து உள்ளே வந்தபோது, முதலில் நானே வாசிக்க வேண்டியிருக்கும் என்று தேவாரம் ஒன்றை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தப்பித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம் என்னைக் காப்பாற்றியது. அங்கே ஆசிரியர் முதலில் வாசிப்பதில்லை. குரல் நன்றாக உள்ள பிள்ளை ஒன்று புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லும், மற்றவர்கள் கொட்டகை அதிர அதைத் திருப்பிச் சொல்வார்கள்.

என் வகுப்பில் முன்னால் நிற்கிறவள் நவமணி. ஒன்பது வயது, ஒல்லி, எண்ணெய் காணாத தலை, ஆனால் குரல் வெண்கலம். கடகடவென்று வாசிப்பாள். ஓர் இடத்திலும் தட்டாது, தடங்காது. நான் அவள் பக்கத்தில் நின்று, பெரிய மனுஷி மாதிரி வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வருவேன். அவள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை வழியெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். மறுநாள் யாராவது கேட்டால் பாடம் என் வாயில் தயார். ஒரு மாதத்தில் பன்னிரண்டு பாடம் ஏற்றிவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

நவமணியின் தாய் வள்ளியம்மா பசாரில் கீரை விற்பவள். ஒரு நாள் காலியான கூடையோடு நேரே வகுப்புக்கே வந்து விட்டாள். நவமணி இரண்டு தடவை முதல் வகுப்பிலேயே தோற்றவள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வருஷ முடிவில் தலைமையாசிரியர் அர்ஜுனன் கரும்பலகையில் புத்தகத்தில் இல்லாத மூன்று வரி எழுதுவாராம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாசிக்க வேண்டும். நவமணி இரண்டு தடவையும் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள். பரீட்சைப் பயம் என்று எல்லோரும் சொன்னார்களாம்.

"இந்த வருசமும் பாஸாவலன்னா புக்கிட் தெங்காவுல என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிருவேன் டீச்சர்," என்றாள். "கைப்புள்ளயப் பாத்துக்குவா, கிழங்குக் கொல்லயில களை எடுப்பா. வயித்துக்காவது கெடைக்கும்."

கொடுமைக்காரி இல்லை அவள். கணவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், வீட்டில் இன்னும் மூன்று பேர். தோற்றுக்கொண்டே இருக்கிற பிள்ளையை எத்தனை வருஷம் உட்கார வைப்பாள்? ஆனால் கடல் தாண்டி அக்கரைக்குப் போன பிள்ளை மறுபடி புத்தகம் பக்கம் வராது என்பது எனக்குத் தெரியும். நவமணி அலமாரிக்குப் பின்னால் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தை நான் போக்கிக் காட்டுகிறேன், இது போல எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவள் நான் என்று வீராப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரமே கந்தோரிலிருந்து உத்தரவு வந்தது. பழைய பாடப் புத்தகங்களில் இங்கிலீஷ் ராஜாவைப் பற்றி எது இருந்தாலும் தாள் ஒட்டி மறைக்க வேண்டும். தலைமையாசிரியர் ஒவ்வொரு வகுப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "மன்னர் பாடத்த மூடிருங்க டீச்சர்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மன்னர் பாடம் எது? நவமணியைக் கேட்டிருக்கலாம். கேட்க என் கௌரவம் விடவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் பட்டுத்துணி போர்த்திய யானை, மேலே குடைக்குக் கீழே ஓர் ஆள். ராஜா இல்லாமல் வேறு யார் யானை மேல் குடை பிடித்துக்கொண்டு போவான் என்று முடிவு கட்டி, ஆறு புத்தகத்திலும் அந்தப் பக்கத்தின் மேல் மரவள்ளிமாவுப் பசை தடவிப் பழுப்புத்தாளை ஒட்டிவிட்டேன்.

மறுநாள் வரிசைப்படி வந்தது அந்தப் பாடம்தான், நான் அதை யோசிக்கவே இல்லை. நவமணி எழுந்து வந்து புத்தகத்தைத் திறந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

யானை வருகிறது, மணி அடிக்கிறது, தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள், கோயில் யானை வருகிறது என்று வரி வரியாக அவள் சொல்ல, வகுப்பு திருப்பிக் கத்தியது. ஆறு புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் இதில் வினோதம் தெரியவில்லை. அவர்களும் புத்தகத்தைப் பார்த்தா சொன்னார்கள்? நாலாவது வரியில்தான் எனக்கு உறைத்தது. அவள் கையில் இருந்தது பழுப்புத்தாள். ஓர் எழுத்துக்கூட இல்லாத வெறுந்தாள். அதை அவள் கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக இத்தனை பேரையும் ஏய்த்திருக்கிறாளே என்று, இடைவேளைக்குப் பிள்ளைகள் ஓடியதும் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தத் தாளை முகத்துக்கு நேரே நீட்டினேன். இதில் எங்கே எழுத்து இருக்கிறது, காட்டு என்றேன்.

அவள் அழவில்லை. தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் வெரல ஓட்டிக்கிட்டு வந்தீங்களே டீச்சர்," என்றாள்.

பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன். உண்மைதான். அந்த வெறுந்தாளின் மேல், இடமிருந்து வலம், வரி மாறி வரி, என் விரல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஒன்பது வருஷம் எந்தப் பிள்ளைகளை அதட்டினேனோ அவர்கள் எல்லோரும் சுற்றி நின்று கைகொட்டிச் சிரிப்பது மாதிரி இருந்தது.

அதோடு முடிந்ததா? மத்தியானம் அர்ஜுனன் ஐயா வந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி குண்டு போட்ட நாளிலேயே உடைந்துவிட்டது, எதையும் மூக்கில் முட்டுகிற மாதிரி வைத்துத்தான் பார்ப்பார். புத்தகத்தை அப்படிப் பிடித்துக்கொண்டு, மன்னர் பாடம் திறந்தே கிடக்கிறது, யானையை ஏன் மூடினீர்கள் என்று கேட்டார். மேற்பார்வைக்கு வருகிற ஜப்பான்காரன் கண்ணில் பட்டிருந்தால் அவர் தலை போயிருக்கும்.

இங்கே ஓர் அசிங்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளை ஒட்டினது, நான் கவனிக்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நவமணி அங்கேதான் பலகை துடைத்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலும், துணியை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வாங்கிப் பழகிய தலை அது. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"ஐயா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது," என்றேன். "இவளுக்கும் தெரியாது. இவ்வளவு நாளும் இவள் சொல்ல நான் கேட்டுச் சமாளிச்சுக்கொண்டு வந்தனான்."

அர்ஜுனன் ஐயா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பொடி டப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். அரிசி போயிற்று என்று நான் மனதுக்குள் கணக்கை முடித்துவிட்டேன். கடைசியில் அவர் திரும்பிப் பார்த்தது என்னை அல்ல, நவமணியைத்தான்.

"ரெண்டு வருசமா நான் பயம்னுதான் நெனச்சேன்," என்றார். "பாட்டு நல்லா இருந்திச்சி. கண்ணு எங்க இருக்குன்னு நானும் பாக்கல."

என்னை அவர் கந்தோருக்கு எழுதிப் போடவில்லை. நல்ல மனசு ஒரு காரணம். ஆசிரியர்களுக்கென்று ஜப்பான்காரன் வைத்த ஜப்பான் எழுத்துப் பரீட்சையில் நான் தேறியிருந்தேன், பள்ளிக்கூடத்தில் அதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பது இன்னொரு காரணம். அவரே அந்தப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவர். அதையும் அவரே சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார். நவமணியின் பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மணி நேரம் மூன்று பேரும் உட்காருவது என்று ஏற்பாடு.

முதல் நாளே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நவமணிக்கு க, கா, கி, கீ என்று வரிசை முழுவதும் தெரியும், பாட்டாக. நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டினால் தெரியாது. முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிற்பாள், பல நேரம் நிற்காமல் தாண்டியும் போய்விடுவாள். அர்ஜுனன் ஐயா இன்னும் நூறு தடவை பாட வைக்கலாம் என்றார். கூடவே கூடாது என்றேன். தமிழ் எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, இந்த நோய் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கிலீஷ் பிள்ளைகளும் இதையேதான் செய்வார்கள். மனப்பாடக்காரருக்கு ஒரே மருந்து, வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து வாசிக்க வைப்பது. பின்னாலிருந்து வந்தால் பாட்டு கை கொடுக்காது, எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஐயா பழுப்புத்தாளில் யானைப் பாடத்தைப் பெரிதாக எழுதினார். சொல் சொல்லாக வெட்டினோம். துண்டுகளைக் கலைத்துப் போட்டு, யார் முதலில் 'மணி'யை எடுப்பது என்று நானும் அவளும் போட்டி. பாடம் இருவருக்கும் மனப்பாடம் என்பதால் இன்ன சொல் எங்கோ இருந்தாக வேண்டும் என்பது தெரியும், தேடிப் பிடிப்பதுதான் வேலை. முதல் வாரம் நான் ஜெயித்தேன். இரண்டாம் வாரம் அவள் என்னைத் தோற்கடிக்கத் தொடங்கினாள். "டீச்சர், அது 'தெரு' இல்ல, 'தேர்'," என்று துண்டைப் பிடுங்கிக்கொள்வாள். எனக்கு ரோஷம் வந்து வீட்டில் கரியால் அடுக்களைச் சுவரில் எழுதிப் பழகினேன். அப்புத்துரை, சுவர் என்ன பாவம் செய்தது என்றார். சோற்றுப்பானை மேல் சோறு என்றும் உப்புச் சிரட்டை மேல் உப்பு என்றும் எழுதி ஒட்டினேன். பானைக்குள் பாதி கிழங்குதான். ஆனாலும் அந்தச் சொல்லை நானே எழுதி நானே வாசித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தப் பட்டாளமும் பறித்திருக்க முடியாது. சண்டைக்காலத்தில் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தேன்.

வகுப்பிலும் வழக்கத்தை மாற்றினோம். முன்னால் நின்று சொல்கிற வேலையை நவமணி தானே விட்டுவிட்டாள். தன் முறை வரும்போது உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, மூச்சு வாங்கி வாங்கி வாசித்தாள். மற்றப் பிள்ளைகள் கேலி பண்ணினார்கள். அவள் பொருட்படுத்தவில்லை, எனக்குத்தான் அவர்கள் காதைத் திருகினால் என்ன என்று இருந்தது.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது வள்ளியம்மா வந்தாள். கீரைக்கூடையை என் மேசை மேலேயே வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"தண்ணி மாரி வாசிச்சிக்கிட்டு இருந்த புள்ளைய நான் ஒங்ககிட்ட விட்டேன் டீச்சர். இப்ப திக்கித் திக்கிப் பேசுது. வீட்டுல ஒரு பாடம் சொல்லுடீன்னா ஒண்ணொண்ணா எண்ணுது. இருந்ததும் போச்சு."

பேரை எடுத்துவிடுங்கள், தங்கை வந்திருக்கிறாள், நாளைக் காலைக் கப்பலில் அவளோடு அனுப்பிவிடுகிறேன், பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை என்றாள். நவமணி வெளியே இருந்தாள், பள்ளிக்கூடக் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிற முறை அவளுடையது.

வேறு சமயமாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். அன்று என்னவோ குரல் எழும்பவில்லை. இத்தனை நாள் அவள் வாசிக்கவில்லை, இப்போதுதான் வாசிக்கிறாள் என்று சொல்லிப் பார்த்தேன். வள்ளியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கே அந்தப் பேச்சு சால்ஜாப்பு மாதிரித்தான் கேட்டது. புத்தகத்தை எடுத்து மன்னர் பாடத்துக்கு அடுத்த பாடத்தை நானே வாசித்துக் காட்டினேன், முப்பத்துநான்கு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, எழுத்துக் கூட்டி, வேர்த்து விறுவிறுத்து. நானும் இவளோடுதான் படித்தேன், படிக்கத் தொடங்கினால் இப்படித்தான் வரும் என்றேன். வள்ளியம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. டீச்சருக்கே படிக்கத் தெரியாத பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவைப்பது எப்படி என்றுதான் அவள் முகம் கேட்டது.

சத்தம் கேட்டு வந்திருந்த அர்ஜுனன் ஐயா அப்போது குறுக்கே வந்தார். பரீட்சையை இன்றைக்கே வைத்துவிடுவோம் என்றார். புத்தகத்தில் இல்லாத வரி ஒன்று போதும், அதை நான் சொன்னால் டீச்சர் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார் என்று நினைப்பாய், நீயே சொல் வள்ளியம்மா, மகளுக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல் என்றார். சாக்கட்டியை என் கையில் கொடுத்தார்.

வள்ளியம்மா யோசிக்கவே இல்லை. சொல்ல வந்ததைத்தான் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில நீ சின்னம்மா கூட புக்கிட் தெங்காவுக்குப் போற. அத எழுதுங்க."

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் பலகையைத் துடைத்து இடம் விட்டார். என் வாழ்நாளில் கரும்பலகையில் நான் எழுதிய முதல் தமிழ் வரி அதுதான். 'நாளைக் காலையில் நீ சின்னம்மாவுடன் புக்கிட் தெங்கா போகிறாய்.' வரி கீழே சரிந்துகொண்டு போயிற்று. விட்டுப்போன ஒரு புள்ளியை ஐயா வைத்தார். நவமணியைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

ஈரக்காலோடு வந்தாள். அம்மாவைக் கண்டதும் தயங்கினாள். ஐயா பலகையைக் காட்டி, அவசரமில்லை, வாசி என்றார்.

முகட்டைப் பார்க்கவில்லை அவள். "நா," என்றாள். "நாளை. நாளைக். காலை. காலையில். நீ." மூச்சு விட்டுக்கொண்டாள். "சின். சின்ன. சின்னம்மா." அந்தச் சொல்லில் அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது, தெரிந்த ஆள் பலகையில் இருக்கிறாளே என்று. "சின்னம்மாவுடன்."

அடுத்த சொல் எந்தப் பாடத்திலும் இல்லாதது. பாட்டில் வராதது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். வள்ளியம்மா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பு," என்றாள் நவமணி. "புக். புக்கி. புக்கிட்." அப்புறம் "தெங்." அப்புறம் "தெங்கா."

புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. இன்னும் ஒரு சொல்தான் பாக்கி, அதை வாசிக்காமல் விட்டால் என்ன, போன இரண்டு வருஷம் போல வாயை மூடிக்கொண்டு நின்றால் என்ன என்று எனக்கே தோன்றியது. நிறுத்திவிடு பிள்ளை என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வர, அதைத் துடைத்தால்தான் எழுத்துத் தெரியும் என்று துடைத்துக்கொண்டு வாசித்தாள்.

"போ. போகி. போகிறாய்."

வள்ளியம்மா பலகையைப் பார்க்கவே இல்லை, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்ன சொல், மகள் காதில் விழாத சொல், அந்தக் கோடுகளிலிருந்து மகள் வாய்க்கு எப்படி வந்தது என்பது அவளுக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும். கூடையைக் கீழே வைத்தாள்.

"அத அழிச்சிருங்க டீச்சர்," என்றாள்.

எனக்குக் கை வரவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். மதிப்பெண் போட்டுவிட்டு அழிக்கிறேன், கொஞ்சம் பொறு என்றார் அர்ஜுனன் ஐயா. வள்ளியம்மா பொறுக்கவில்லை. தானே பலகைக்குப் போய் நின்றாள். நின்ற பிறகு, எது எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இதுல புக்கிட் தெங்கா எதுடீ?" என்று மகளைக் கேட்டாள்.

நவமணி கிட்டே போய்த் தொட்டுக் காட்டினாள். வள்ளியம்மா முந்தானையை எடுத்து, அந்த இடத்தை மட்டும் அழுத்தித் துடைத்தாள்.